ஈப்போவில் வாக்கு இருந்தது, தோட்டத்தில் இல்லை

ஈப்போவுக்குப் போகிறவர்கள் வெள்ளைக் காப்பி, தவுகே கோழி, குகைக் கோயில் என்று ஒரு பட்டியலோடுதான் காரில் ஏறுவார்கள். அடுத்த முறை அதில் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் நூறாண்டு கடந்த நகர மண்டபம். மற்றொன்று, டி.ஆர். சீனிவாசகம் பூங்கா.

பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு அந்தப் பெயரை ஒரு நிமிடம் படியுங்கள். ஈப்போவில் வழக்கறிஞராக இருந்த சீனிவாசகம், அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தோடு சேர்ந்து மக்கள் முற்போக்குக் கட்சியை வளர்த்தவர். 1960களில் ஈப்போ நகராண்மைக் கழகம் இந்தக் கட்சியின் கையில் இருந்தது. மத்தியில் ஆண்டது வேறு கட்சி. சாக்கடை அடைத்தால் யாரைக் கேட்பது என்று ஈப்போக்காரருக்கு அன்று தெரியும். சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றவும் முடியும்.

ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் ஓட்டினால் சுங்கை சிப்புட். வழியெங்கும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். லயத்தின் கூரை, தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை எல்லாமே துரையின் முடிவு. அவருக்குக் கீழே கிராணி, அதற்கும் கீழே கங்காணி. தோட்டம் தனியார் நிலம். நகர எல்லைக்கு வெளியே கிடந்த தோட்டங்களுக்கு உள்ளூர் மன்றமும் இல்லை, அதற்கான வாக்கும் இல்லை. நம் பாட்டன்மார் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுத்த இடங்கள் கோயில் நிர்வாகமும் தொழிற்சங்கக் கிளையும்தான்.

இத்தனைக்கும் ஊராட்சி நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலை போட்டு உறுப்பினர்களை எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. எல்லாருக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கே கிடைத்தது. இன்று தமிழ்நாட்டின் கிராமசபையில் ஊர் வாக்காளர் எவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம்.

இங்கே நடந்தது வேறு. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளூர் மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மன்ற உறுப்பினர்களை இப்போது மாநில அரசே நியமிக்கிறது.

அதற்குப் பிறகுதான் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. நம் குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக மதிப்பீட்டு வரி பில் வீட்டுக் கதவைத் தட்டியது. நகரத்தில் வாக்கு இருந்தபோது நாம் தோட்டத்தில் இருந்தோம். மன்ற எல்லைக்குள் வந்து வரி கட்டத் தொடங்கியபோது வாக்கு போய்விட்டிருந்தது.

காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் பலர் குப்பை லாரி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று குமுறுவார்கள். “உங்கள் பகுதி மன்ற உறுப்பினர் யார்?” என்று கேட்டால் இணைப்பில் அமைதி. நாம் தேர்ந்தெடுக்காதவரின் பெயர் நமக்கு எப்படி நினைவிருக்கும்?

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மன்றம் மூடிய கூட்டம் என்று தீர்மானித்தால் தவிர, கூட்டங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க அதே 1976 சட்டம் இடம் தருகிறது. வரி மதிப்பீடு கூடுதல் என்று தோன்றினால் எழுத்து மூலம் ஆட்சேபிக்கவும் வழியுண்டு. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். ஒருவரின் நியமனம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகாது.

அடுத்த மதிப்பீட்டு வரி பில் வரும்போது பணத்தைக் கட்டிவிட்டு, மன்ற அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் தாமானுக்குப் பொறுப்பான உறுப்பினர் யார்? அடுத்த கூட்டம் எப்போது?