வாவிக்கரைக்கு ஒரு நடை

"இனியும் என்னத்துக்குப் பிள்ளை நடக்கிறது? நடந்தது காணாதே?"

மலைநாட்டுக்குப் போய் ஒரு நாள் நடந்து பார்த்து வருவோமா என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டபோது, பெரியம்மா ஒருவர் இப்படித் திருப்பிக் கேட்டார். 1977 ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவர் அவர். அப்போது சிறுமி. அதன் பின் 2009 வரை மூட்டை முடிச்சுகளோடு எத்தனை தடவை நடந்தார் என்று அவரே எண்ணி வைத்திருக்கவில்லை. அங்கிருந்த மற்றவர்களின் கதையும் அதுதான். நான் சமூகவியல் படித்தவள். சுற்றுலா மனதுக்கு நல்லது என்று எனக்குப் பேசத் தெரியும். ஆனால் 'நடை' என்ற சொல் இவர்களுக்கு எதை நினைவூட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இன்னொரு தவறும் செய்தேன். யாரையும் கேட்காமல் ஹோட்டன் சமவெளிக்கு என்று ஒரு திட்டத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அழகான இடந்தான். ஆனால் உலக முடிவைப் பார்த்துச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். காலை கழிந்தால் பள்ளத்தாக்கைப் பனிமூட்டம் மூடிவிடும் என்பதால் விடியும்போதே அங்கு நிற்கவேண்டும். நடுவழியில் ஒருவருக்குக் கால் நோவெடுத்தால் வாகனம் வராது. எங்கள் குழுவில் செல்துண்டு காலிலே இருக்கும் ஓர் அக்காவும் இருக்கிறார். "விடியப்புறம் எழும்பி, நிக்காமல் நடக்கிறதெண்டால் நான் வரேல்லை" என்றார் அவர். தாளை மடித்து வைத்தேன்.

பிறகு பதினொரு பேரும் சேர்ந்து திட்டம் போட்டோம். நுவரெலியாவில் உள்ள கிரகரி வாவிக்கரையில் நடப்பது என்று முடிவாயிற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து விக்ரோறியா பூங்காவையும் குதிரைப் பந்தயத் திடலையும் தாண்டி வாவிக்கு நடந்தே போகலாம். பெரிய ஏற்றம் இல்லை. பதுளை வீதி வாவியின் ஓரமாகவே போகிறது. ஆகவே வான் எங்களுக்குப் பின்னாலேயே வரலாம். களைத்தவர் ஏறிக்கொள்ளலாம். இதுதான் எங்களுக்குப் பிடித்த விஷயம்.

எப்போது போவது? ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். சனமும் கூட, செலவும் கூட. வைகாசி கழிந்தால் தென்மேல் பருவமழை. தை, மாசியில் மழை குறைவு, ஆனால் காலையில் கடும் குளிர். கடந்த 2024 பெப்ரவரியில் போனோம். செலவுக்கு முன்கூட்டியே சீட்டுப் போலக் கிழமைக்கிழமை காசு சேர்த்தோம்.

என்ன கொண்டு போவது என்பதையும் கூட்டத்திலேயே எழுதினோம். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், குளிர்ச்சட்டை, குடை, காலைக் கடிக்காத பழைய சப்பாத்து, வழக்கமாகக் குடிக்கும் மருந்து, மாதவிடாய்த் துணி, அடையாள அட்டை. மலசலகூடம் எங்கெங்கே இருக்கிறது என்று வான் ஓட்டும் தம்பியிடம் முதலே விசாரித்தோம். பெண்கள் வழிப்பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் வாடுவது பெரும்பாலும் இதனால்தான். சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும்.

ஒரு விதியும் வைத்தோம். யாராவது "காணும்" என்றால் காரணம் கேட்கக் கூடாது. அந்த இடத்தோடு அவர் திரும்பலாம். அவரோடு ஒருவர் துணைக்குப் போகவேண்டும்.

முதல்நாள் கண்டியில் தங்கி, விடிந்தபின் புறப்பட்டோம். கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடையில் நீர்வீழ்ச்சியைக் கண்டதும் வானுக்குள் ஒரே ஆரவாரம். வளைவுகளில் இருவருக்கு வாந்தி. தேசிக்காயை முகர்ந்தபடி வந்தார்கள். பெரியம்மா மட்டும் பேசவில்லை. தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய மடியில் நாடா கட்டிய ஒரு பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், மரணச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். எங்கே போனாலும் அதை விட்டுப் போகமாட்டார். வாவிக்கரையிலும் அது அவருடைய தோளிலேயே தொங்கியது. வானில் வைத்துவிட்டு வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பை ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.

மெதுவாக நடந்தோம். கீழ்நிலத்திலிருந்து போகிறவர்களுக்குச் சற்று மூச்சு வாங்கும். ஆகவே பின்னால் வருபவரின் வேகந்தான் எல்லோருக்கும் வேகம். வடக்கே 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலை. கரையில் குதிரைச் சவாரி, சோளம் அவிக்கும் வாசனை. சற்றுத் தூரத்தில் கால் நோவுள்ள அக்கா, "எனக்கு இவ்வளவும் காணும்" என்றார். இன்னொருவர் அவரோடு வானுக்குத் திரும்பினார். நாங்கள் வந்து சேர்ந்தபோது இருவரும் தேநீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வாவி இயற்கையானதல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல், தலகல ஓயாவை மறித்துக் கட்டியது. இதைச் சொன்னதும், "அப்ப இதுவும் எங்கட இரணைமடு மாதிரிக் கட்டின குளந்தானே!" என்றார் ஒரு தங்கை. கனகராயன் ஆற்றை மறித்து உருவானது இரணைமடு. அதன் கட்டில் நடந்து பழகியவர்களுக்கு வாவி உடனே சொந்தமாகிவிட்டது.

பெரியம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "இந்தத் தண்ணி எங்க பிள்ளை போகுது?"

நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போய், கடைசியில் திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது என்றேன்.

"நாங்கள் சின்னனில கொத்மலை ஓயாவிலதான் குளிச்சனாங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த இடியப்பத்தை எல்லோருக்கும் பங்கிட்டார். இரண்டாந்தரமும் கேட்டுக் கேட்டுப் போட்டார்.

சகோதரிகளே, எல்லோருக்கும் நுவரெலியா போக வசதி வராது. உங்கள் ஊர்க் குளக்கட்டும் போதும். ஆனால் புறப்படுமுன் ஒன்றாக இருந்து நான்கு விஷயம் பேசுங்கள். எவ்வளவு தூரம்? எங்கே இருக்கலாம்? எங்கே திரும்பலாம்? யாருக்கு என்ன உதவி வேண்டும்? உங்களுக்காக வேறொருவர் போட்ட திட்டமாக இருந்தால், அதை மாற்றச் சொல்லுங்கள். திட்டம் கொண்டுவந்தவள் என்னைப்போல் படித்தவளாக இருந்தாலும் சொல்லுங்கள். அந்த உரிமை இல்லாமல் நாம் நடந்த நாட்கள் போதும்.

திரும்பி வந்த அடுத்த கூட்டத்தில் நான் வாய் திறக்குமுன் பெரியம்மா ஒரு கொப்பித் தாளை நீட்டினார். அதில் ஒரு தோட்டத்தின் பெயரும் பக்கத்து ஊரின் பெயரும் இருந்தன.

"அடுத்த முறை இதைத் தேடிப் பாப்பம். வான் எதுவரை போகும், எவ்வளவு நடக்கவேணும் எண்டு முதல் விசாரி. நடக்கலாமோ எண்டு நான் பிறகு சொல்லுறன்."

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.