ஒரு வரிக்கு ஒரு சான்று

ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம். சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். சென்னை மாநிலம் எதிர் வி.ஜி. ராவ். 1950க்கும் 1952க்கும் இடையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இந்த நான்கு தீர்ப்புகளைத் தொடாமல் அரசமைப்புச் சட்டப் பாடம் நடத்த முடியாது. நான்கிலும் நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. இவற்றைப் பற்றித் தமிழில் தெரிந்துகொள்ள நினைக்கும் பள்ளி ஆசிரியரும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும் முதலில் எடுப்பது கைப்பேசியைத்தான். அதில் வருவது சரியாக இருக்க வேண்டுமே என்ற கவலை உள்ளவர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் கூடினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் சட்ட வரலாற்றுக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் தொடர்தொகுப்பு நிகழ்வு அது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் இருந்து பார்க்கப் போனேன்.

சட்டக் கல்லூரி மாணவிகள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், ஒரு தமிழாசிரியை, நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று கலவையான கூட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது. தொடங்கும்போதே ஒரு சிக்கல் வந்தது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா அனுமதிப்பதில்லை. ஏழாவது ஆளுக்குக் கதவு சாத்திக்கொண்டது. "நெட்டை மாத்துங்கம்மா, உங்க போன் டேட்டாவுல வாங்க" என்று ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு மேசையாக ஓடினார். பெரியவருக்குத் தமிழ்த் தட்டச்சு வரவில்லை. பக்கத்தில் இருந்த மாணவி, "ஐயா, நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள். அன்று முழுவதும் அந்த ஏற்பாடே தொடர்ந்தது.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது செண்பகம் துரைராஜன் வழக்கு நடந்துகொண்டிருந்த மேசையில். மாணவி ஒருத்தி மணல்தொட்டியில், அதாவது பழகு பக்கத்தில், ஒரு வரைவு எழுதி வைத்திருந்தாள். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், வகுப்புவாரி ஆணையால் இடம் மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார் என்பது அதன் முதல் பத்தி. மேடைகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய கதை. மூத்த விக்கிப்பீடியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "விண்ணப்பிச்சாங்கன்னு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். அவள் ஒரு செய்தித்தாள் கட்டுரையைக் காட்டினாள். "சரி, தீர்ப்பைத் திறங்க."

உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் 2023 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1951 ஏப்ரல் 9ஆம் தேதித் தீர்ப்பைத் திரையில் திறந்தார்கள். ஏழு நீதிபதிகள் அமர்வு, எழுதியவர் எஸ்.ஆர். தாஸ். செண்பகம் மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பிக்கவே இல்லை என்று அதிலேயே இருக்கிறது. விசாரித்துப் பார்த்தபோது தம் சமூகத்தின் காரணமாக இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு நீதிமன்றத்துக்கு வந்தவர் அவர். விண்ணப்பித்துவிட்டு வந்தவர் இன்னொரு மனுதாரரான சீனிவாசன்; அவர் கேட்டது பொறியியல் கல்லூரியில் இடம். மாணவி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் வரைவின் முதல் பத்தியை முழுவதுமாக அழித்தாள்.

அதே தீர்ப்பில் ஆணையின் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை அட்டவணையாகப் போட்டார்கள். "அரிசனர்" என்று அன்றைய ஆணையில் உள்ளபடி எழுதிவிட்டு, அது அன்றைய அரசு வழக்கு என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள்.

அடுத்த வரியில்தான் உண்மையான கஷ்டம். "இடஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எழுதினால் போதுமா? போதாது. கல்வி நிலையச் சேர்க்கையைப் பற்றிய 29(2)ஆம் உறுப்பை ஆணை மீறுகிறது என்பதே தீர்ப்பு. வேலைவாய்ப்புக்கு 16(4) என்ற விலக்கு இருப்பதையும், கல்விக்கு அப்படி ஒன்று இல்லாததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதே நாளில், அதே நீதிமன்றம் வெங்கடரமணா எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில், மாவட்ட முன்சீப் பதவிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கும் அரிசனருக்குமான ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு, மற்ற வகுப்புகளுக்கான பங்கீட்டை ஏற்க மறுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அன்று நடந்தது புரியும். ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை விட்டுவிடுகிறவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இந்த விவகாரத்தில் தெருவுக்கு வந்து போராடியதும், 1951 ஜூன் 18இல் முதல் திருத்தம் சட்டமாகி 15(4) சேர்ந்ததும் அடுத்த பத்தி. இங்கே ரொமேஷ் தாப்பர் கட்டுரைக்கு ஓர் இணைப்புக் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து வந்த அவருடைய 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை அரசு மாநிலத்துக்குள் வர விடாமல் தடை செய்தது. 1950 மே மாதம் அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் திருத்தம் 19(2)ஐ மாற்றி எழுதியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். நாட்டின் அரசமைப்புக்கு முதன்முதலாக விழுந்த திருத்தத்தில் சென்னை வழக்குகளுக்கு இவ்வளவு பங்கு உண்டு என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

தீர்ப்பை வைத்து எழுதுவதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தீர்ப்பு முதல்நிலைச் சான்று. அதில் இருப்பதை அப்படியே சொல்லலாம். அது சரியா தவறா, அதன் விளைவு என்ன என்று தொகுப்பவர் சொந்தமாக எழுதக் கூடாது. அதற்கு வரலாற்றாசிரியர்களின் நூல் வேண்டும். கிரான்வில் ஆஸ்டின் 1999இல் எழுதிய நூல் அந்த மேசையில் கைமாறிக்கொண்டே இருந்தது. "அநியாயத் தீர்ப்பு" என்று ஒருவர் எழுதியிருந்ததை, அப்படிச் சொன்னவர் யார், எங்கே சொன்னார் என்ற விவரத்தோடு மாற்றினார்கள். அவர் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். உரையாடல் பக்கத்தில் தன் கருத்தை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போனார்.

பெரியவருக்குத்தான் இந்த விதி வலித்தது. சுயமரியாதைத் திருமணக் கட்டுரையை அவரும் அந்த மாணவியும் எடுத்திருந்தார்கள். தெய்வானை ஆச்சி வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று சொன்னது. அண்ணா முதல்வரானபின் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு வந்தது. முன்பே நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும். அந்தப் பிரிவை நம்பி நீதிமன்றப் படியேறியவர்களைப் பற்றிப் பெரியவரிடம் ஏராளமான நினைவுகள். எந்த ஆவணம் கேட்பார்கள், தாலி இல்லாத மணப்பெண்ணைக் குறுக்கு விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, மேசையைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, இதெல்லாம் எங்கேயாவது அச்சுல வந்திருக்கா?"

வரவில்லை. "அப்ப போட முடியாது, இல்லையா தம்பி?" என்றார் பெரியவர். "கோர்ட்லயும் அப்படித்தான். எக்சிபிட் இல்லாம பேசினா ஜட்ஜ் ஏத்துக்க மாட்டார்." கட்டுரையில் அந்த நினைவுகள் ஒரு வரிகூட இடம்பெறவில்லை. விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. அது இல்லாவிட்டால் கலைக்களஞ்சியம் வதந்திக் கிடங்காகிவிடும். ஆனாலும் அச்சேறாத அறிவு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இத்தகையவர்களைப் பேட்டி கண்டு நூலாக்கும் வேலையைச் சட்டக் கல்லூரிகள் கையில் எடுக்க வேண்டும். அதை அவசரமாகச் செய்ய வேண்டும்.

தமிழாசிரியை பார்த்தது தேவதாசி முறை ஒழிப்புக் கட்டுரை. 1929 என்றும் 1947 என்றும் இரண்டு ஆண்டுகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்தது, கோயில் பணிக்காக இருந்த மானிய நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கி, பணியிலிருந்து விடுவித்த சட்டம். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்த சட்டம் 1947இல்தான் வந்தது. ஆசிரியை இரண்டையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்தார். அதற்கே பிற்பகல் போய்விட்டது.

நாள் முடிவில் எத்தனை கட்டுரை என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை வராது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கும் போட்டிகளில் இயந்திர மொழிபெயர்ப்பு வந்து குவிவதையும், பிறகு அதைத் துப்புரவு செய்ய ஆள் இல்லாமல் கிடப்பதையும் பார்த்தவர்கள் இவர்கள். ஒரே கட்டுரையை நான்கு பேர் நாளெல்லாம் உழுத இந்த முறைதான் சட்ட வரலாற்றுக்கு ஏற்றது என்பேன். இங்கே ஓர் ஆண்டு தவறினால், ஒரு பிரிவு எண் மாறினால், அதை நம்பி வழக்கறிஞரிடம் போகும் எளிய மனிதர்தான் அவமானப்படுவார்.

கிளம்பும் நேரத்தில் பதிப்புரிமை பற்றிப் பேச்சு வந்தது. தீர்ப்பை எடுத்து வெளியிடப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தனியார் சட்ட இதழ்கள் சேர்க்கும் தலைக்குறிப்பு அவர்களுடையது, அதை நகலெடுக்கக் கூடாது. அரசு வெளியீட்டுக்கு 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும். இதைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார். வீட்டில் பழைய சென்னை மாகாணச் சட்டத் தொகுதிகள், 1939ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் உட்பட, பைண்டு செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். "அதை அப்படியே ஸ்கேன் பண்ணி விக்கிமூலத்துல ஏத்தலாம் ஐயா" என்றாள் மாணவி. அடுத்த சனிக்கிழமை ஸ்கேனரோடு வருவதாக இரண்டு பேர் அவருடைய முகவரியைக் குறித்துக்கொண்டார்கள். முதல் வேலையாகப் பக்க எண்களைச் சரிபார்க்க வேண்டும், கரையான் அரித்த தாள்கள் சில இருக்கலாம் என்று அவர் எச்சரித்தார்.