காதால் திருத்தும் கடிகாரம்

"கண்ணு அப்புறம் தம்பி. முதல்ல காதைக் கொடுங்க" என்று கைக்கடிகாரத்தை என் காதின் பின்னெலும்பில் வைத்து அழுத்தினார் அண்ணன். உள்ளே சன்னமாக ஏதோ விர்ரென்றது. அலாரம் அடிக்கவில்லை. "சுத்தி ஆடுது. எதுலயும் படலை." மூடியைத் திறக்கும் முன்பே கோளாறைச் சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு, பத்தாம் மாடி. அண்ணன் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சிராங்கூன் சாலை ஐந்தடிப் பாதையில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு வாட்ச் ரிப்பேர்காரரை, வேலை முடிந்த மாலைகளில் பக்கத்தில் நின்று பார்த்தே இதைப் பழகினார். யாரிடமும் காசு வாங்குவதில்லை. மேசையில் வெள்ளைத் துண்டு. அதன் நான்கு ஓரமும் மடிப்பு. திருகாணி உருண்டாலும் அங்கேயே நின்றுவிடும்.

கடிகாரம் சோவியத் காலத்து பொல்யோட். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டதை இன்றும் அவரால் ஆறாமல்தான் சொல்ல முடிகிறது.

கையில் கட்டும் அலாரம் என்பது 1947இல் சுவிட்சர்லாந்தின் வல்கேன் நிறுவனம் 'கிரிக்கெட்' கடிகாரத்தைக் கொண்டுவந்த பிறகே நம்பிக்கையோடு வாங்கக்கூடிய பொருளானது. சில்வண்டின் பெயர் அதற்குப் பொருத்தம். பொல்யோட்டில் இரண்டு சுருள்வில், இரண்டு சாவித் திருகு. ஒன்று நேரத்துக்கு, மற்றது ஓசைக்கு. பின்மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு முளை உண்டு. சுத்தியல் அதில் மோதினால்தான் சத்தம். யாரோ திறந்து, மூடியைத் திசை மாற்றிப் பூட்டியிருந்தார்கள். சுத்தியல் இத்தனை நாளும் வெறுங்காற்றை அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரியாகப் பொருத்தினார். கர்... கர்... என்று இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். "இருமுது" என்றார். மலாய் மொழியில் 'பாத்தோக்' என்றாலே இருமல்; கல்லுடைக்க வெடி வைத்தபோது குன்று இருமியதாக இந்த ஊருக்கே ஒரு பெயர்க்காரணம் சொல்கிறார்கள். கடிகாரத்தின் இருமலுக்குக் காரணம் வில்லில் பிசினாய் இறுகிக் கிடந்த பழைய எண்ணெய்.

முழுதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிப்பதற்கு முன் இரண்டு வில்லின் முறுக்கையும் தளர்த்திவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் பல் போய்விடும், இல்லை சக்கரம் துள்ளிவிடும். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, லைட்டர் எண்ணெயில் அலசி, குச்சி முனையால் கல்குழிகளைத் துடைத்தார். புது எண்ணெய், ஊசிமுனை அளவு. கூடினால் பரவி மறுபடி பிசின். இந்த அளவை யாரும் வாயால் சொல்லித்தர முடியாது என்றே நினைக்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு அடிக்கும் ஏற்பாட்டை அவர் காட்டியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மணிச் சக்கரமும் அலாரச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒத்துவரும் கணத்தில், மெல்லிய வில் தள்ள, சக்கரம் மயிரிழை மேலெழும். சுத்தியலைப் பிடித்திருந்த நெம்பு விலகும். அதனால் முள் மாட்டும் முறையும் தலைகீழ்: முதலில் அலாரத்தை விடுபட வைத்து, அதன் பிறகே மூன்று முட்களையும் பன்னிரண்டில் குத்த வேண்டும். அலார முள்ளுக்கு ஒரு நிமிடம் என்பது அரைப் பாகை. கை சற்றே நழுவினால் நிமிடங்கள் தப்பும்.

மூடியைப் பூட்டி, ஆறு மணிக்கு வைத்துவிட்டுக் கோப்பி குடித்தோம். இருவரும் பேசவில்லை. ஆறு ஆனது. சத்தமில்லை. ஆறு நான்குக்குச் சில்வண்டு கத்தியது, மேசைப் பலகையெல்லாம் அதிர, இருமலே இல்லாமல். நான் கைதட்டிவிட்டேன்.

அண்ணன் கடைசி அடிவரை கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பாகை தள்ளியிருக்கு" என்று சொல்லி, லூப்பைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பின்மூடியை மறுபடி திறந்தார்.