சோற்றில் கல்

அப்பத்தா சுளகை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் அரிசியில் ஒரு கல் தப்பாது. எங்கள் வீட்டின் நம்பிக்கை அது. ஒரு வருஷம் அது பொய்த்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை யார் பல்லிலாவது 'நறுக்'கென்றது. "மில்லுக்காரன் கல்லை அள்ளிப்போட்டு எடை ஏத்துறான்" என்று அப்பத்தா ஏசினாள். மில்லை மாற்றினோம். கல் நிற்கவில்லை.

போன வருஷம் எனக்கு 45. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தெரியவில்லை. முதல் வேலையாக அறையின் பல்பை மாற்றினேன். பிறகு, இவ்வளவு பொடியாகவா அச்சடிப்பார்கள் என்று மருந்து கம்பெனியைத் திட்டினேன். கடைசியில்தான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். "வெள்ளெழுத்து சார். ப்ளஸ் ஒண்ணேகால்" என்றார் பரிசோதித்த பெண். எங்கள் ஊரில் சாளேசுரம் என்பார்கள்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முன்னால் இருக்கும் கார்னியாவின் வேலை. அது இருந்தபடியே இருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தக்கபடி மாறிக்கொள்வது உள்ளே இருக்கும் லென்ஸ். கிட்டத்தில் பார்க்கும்போது சுற்றியுள்ள தசை சுருங்கும், லென்ஸை இழுத்துப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், லென்ஸ் உப்பும். பத்து வயதில் சுமார் 8 செ.மீ. தூரத்தில் எறும்பின் காலைக்கூட எண்ணலாம். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகிறது. இழை தளர்ந்தாலும் உப்ப மறுக்கிறது. அறுபதில் அந்த 8 செ.மீ., ஏறக்குறைய 1 மீட்டர் ஆகிவிடுகிறது.

தம்பி கதை வேறு. அவனுக்கு விழிக்கோளம் கொஞ்சம் நீளம். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கிட்டப்பார்வை. சின்ன வயதில் அவனை 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டவன் நான். இப்போது அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் மாத்திரை அட்டையை எனக்கே வாசித்துக் காட்டுகிறான். வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டேன்.

கண் தன் குறையைத் தானாகச் சொல்லாது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. பார்க்கும் காட்சியில் அங்கே ஓர் ஓட்டை தெரிய வேண்டும், தெரிவதில்லை. அக்கம்பக்கத்தில் உள்ளதை வைத்து மூளை ஒட்டுப்போட்டுவிடுகிறது. நான் பல்பை வைத்து ஒட்டினேன். அப்பத்தா மில்லுக்காரனை வைத்து.

தாத்தா மட்டும் சத்தம் போடமாட்டார். அகப்பட்ட கல்லைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "அவன் திருந்தமாட்டான்" என்று அப்பத்தா பக்கமே பேசுவார். பேப்பர் படிக்கிற கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். அதை ஒருநாள் எடுத்து அப்பத்தாவுக்கு மாட்டிப் பார்த்திருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக் கடை நாற்காலியில் உட்காரும்வரை எனக்கும்தான்.