கம்பத்தைச் சுற்றிய கால்கள்

தப்பட்டையை வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றும்போது தோலும் புகையும் கலந்து எழுகிற அந்தக் கருகல் வாசனை, இப்போது எங்கே பட்டாலும், சாலையோரத்தில் யாரோ குப்பை கொளுத்தினால்கூட, என்னைப் பங்குனி மாதத்து ஊர் ராத்திரிக்குத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பங்கம்பத்தை மாரியம்மன் கோயில் முன்னால் நட்டுவிட்டால் போதும், பனியன் கம்பெனிக்குப் போனவர், லாரி ஓட்டப் போனவர், கட்டிக்கொடுத்த அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று நோம்பிக்கு வீடு நிறைந்துவிடும், சாப்பிட்டுக் கைகழுவிய ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தைச் சுற்ற ஆரம்பிப்பார்கள், அடி மெதுவாகத் தொடங்கி, நடுச்சாமத்துக்குமேல் புழுதி முழங்கால் வரைக்கும் ஏறும்.

அப்பாவைப் பெற்ற அப்பாரு ஆடமாட்டார், கோயில் திண்ணையில் துண்டால் முதுகையும் முழங்காலையும் சேர்த்துக் கட்டி உட்கார்ந்து, வெற்றிலையை உரலில் இடித்தபடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கால்களை மட்டும் பார்ப்பார், முகத்தைப் பார்க்கவே மாட்டார். "அந்தப் பையன் எடது கால இழுக்கறாம் பாரு, மேக்காலத் தோட்டத்தான் பேரனாத்தான் இருக்கோணும்" என்பார், விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். தப்பட்டை அடித்தவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை, அவர்கள் விடிய விடிய வட்டத்துக்கு வெளியேதான் நின்றார்கள், சோறும் அவர்களுக்குத் தனியாகத்தான் போனது.

பெண்களும் வெளியேதான். விடியற்காலையில் ஈரச்சேலையோடு வந்து, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்றிவிட்டுப் போவதோடு அப்பாருவின் மனைவியான ஆத்தாவின் பங்கு முடிந்தது. கம்பம் மாரியம்மனின் புருஷன், ஆகவே அதைப் பிடுங்கும் நாளில் அம்மனின் தாலியைக் கழற்றுவார்கள், ஈரோட்டில் கம்பத்தைக் காரை வாய்க்காலில் விடுவார்கள், எங்களுக்குக் கிணறுதான்.

பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க அம்மாவைப் பெற்ற அம்மாயியின் ஊருக்குத்தான் போகவேண்டும், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், பூப்பறிக்கிற நோம்பி அன்று. கட்டுச்சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஆவாரம்பூ பறித்துக்கொண்டு நொய்யல் கரைக்குப் போவார்கள், ஈர மணலும் புளிச்சோறும் நல்லெண்ணெயும் மணக்கும், அங்கே அம்மாயி முந்தானையை இறுக்கிச் செருகிக் கும்மிக்கு முதல் அடி வைப்பாள், வீட்டில் குரலே உயராத மனுஷி. பின்னால் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியது, 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதற்கு வெகு முன்பே கட்டுச்சோறு எடுத்துப் போவது நின்றுவிட்டது.

போன வருஷம் பங்காளிகள் எல்லோரும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம், ஏசி குளிரில் எந்த வாசனையும் இல்லை, சாயங்காலம் வள்ளிக்கும்மி என்றார்கள். ஒரே நிறச் சேலை, ஒரே நிறச் சட்டை, ஸ்பீக்கரில் பாட்டு, தலைக்குமேல் டிரோன். மூன்று மாதம் வாத்தியார் வைத்துப் பழகியதால் அத்தனை காலும் ஒன்றுபோல் விழுந்தன, எவர் பேரன் எவர் என்று அப்பாருவாலும் சொல்லியிருக்க முடியாது, எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்த வரிசையில் அம்மாவைப் பார்த்தேன், எழுபதைத் தாண்டியவள், அவளுக்கு முன்னால் என் அண்ணன், பின்னால் அவன் மகள். வள்ளி திருமணத்தைப் பாடி ஆடும் இந்தக் கும்மி முன்பு ஆண்களுடையது, அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவைப் பக்கத்துப் பத்ரப்பன், 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஆட்டம் என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் அப்பனும் மகளும் பாட்டியும் ஒரே வட்டத்தில் ஆடி, கம்பத்தடியில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அந்தக் கணக்கில் பழைய ராத்திரிகள் தோற்றுத்தான் போகின்றன.