தானம் என்ற சொல்

என் அப்பா கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வயல் வேலை பார்த்தவர். 1901ல் ஏற்பட்ட பண்ணை அது. மானாவாரிப் பருத்தியும் சோளமும்தான் அங்கே பேச்சு. சாயங்காலத்தில், மறுநாள் மலரப்போகிற பருத்தி மொக்கைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, காகித உறை மாட்டிவைப்பார். காலையில் வேறு ரகத்துப் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவுவார். காம்பில் ஒரு சீட்டு தொங்கும். அதில் இரண்டு பெயர்கள். தாய் ரகம் முதலில், அப்புறம் தகப்பன். எல்லா ஊரிலும் அதுதான் முறை என்பார். தாயின் பெயர் முதலில் வருகிற பதிவேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சீட்டு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது மதுரையில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் பெஞ்சில். என் மனைவிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கருப்பையில் கோளாறில்லை, சினைமுட்டைதான் தீர்ந்துவிட்டது என்றார் டாக்டர். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. ஆயுளில் பக்குவமாகி வெளிவருவது நானூறு சுமார். புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. சிலருக்குச் சேமிப்பு முன்னதாகவே காலியாகிவிடுகிறது. வேறொரு பெண்ணின் முட்டையை வாங்கி, என் விந்தோடு வெளியில் சேர்த்து, கருவை இவள் வயிற்றில் வைக்கலாம் என்றார். உலகத்தில் அப்படிப் பிரசவங்கள் 1980களிலேயே நடந்திருக்கின்றன.

நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. “என்ன ஆளுக?” என்று கேட்டேன். இருபது வருஷமாகச் சிறுபத்திரிகை படிக்கிறவன், ஜாதியைப் பற்றி மேடையில் பேசியவன், அந்த இடத்தில் என் நாக்கில் வந்தது அதுதான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையே கேட்டாள்: “எந்த வகையறாப் புள்ளையோ, விசாரிச்சியாய்யா?” அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இருப்பதாக நான் எண்ணிவந்த தூரம் வெறும் நடைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

விதையும் நிலமும் என்ற உருவகம் நம்மிடம் மிகவும் பழையது. மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் விளைச்சல் விதைத்தவனுக்கா நிலத்துக்காரனுக்கா என்று வழக்காடுகிறது. வழக்கு இரண்டு ஆண்களுக்கு இடையில். பெண் வெறும் நிலம். பாலூட்டிகளின் முட்டையை ஃபான் பேயர் கண்டு சொன்னது 1827ல்தான். அதற்குப் பிறகும் நம் பேச்சில் பெண் நிலமாகவே கிடந்தாள். இங்கே நிலம் என் மனைவி. விதையில் பாதி இன்னொரு பெண்ணுடையது. உருவகம் உடைந்துபோகிறது. உடைந்த இடத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். அவளைப் பார்ப்பதற்கு என்னிடம் சொல் இல்லை.

மருத்துவமனையும் சட்டமும் கொடுக்கிற சொல் தானம். இந்தச் சொல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. தானம் கொடுப்பவன் மேலே நிற்பான். வாங்குபவன் கை கீழே இருக்கும். இங்கே அப்படியா? அவள் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். மாதம் ஒன்றாக முதிர வேண்டியவை ஒரே சமயத்தில் பலவாக முதிர்கின்றன. கடைசி ஊசிக்கு ஒன்றரை நாள் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, யோனி வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்கு சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோக்கும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும். மழை பொய்த்துக் கடனில் நிற்கிற ஒரு வீட்டிலிருந்து அவள் வந்திருக்கலாம். தானம் என்று சொன்ன மாத்திரத்தில் இவ்வளவும் மறைந்து, ஒரு புண்ணிய காரியம் மட்டும் மிஞ்சுகிறது.

2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் அவளை ஓரளவு பார்க்கிறது. வயது இருபத்துமூன்றிலிருந்து முப்பத்தைந்துக்குள். ஆயுளில் ஒரே ஒரு தடவை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒருத்தியின் முட்டை ஒரு தம்பதிக்கு மட்டும். விற்பதும் வாங்குவதும் குற்றம். அவளுக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீட்டைக் குழந்தை வேண்டுகிற தம்பதி எடுத்துத் தரவேண்டும். அதே 2022ல்தான் ஈரோட்டுச் செய்தி வந்தது. பதினாறு வயதுப் பெண்ணை, ஆதார் அட்டையில் வயதைத் திருத்தி, பெற்ற தாயே பல தடவை முட்டை கொடுக்க வைத்திருக்கிறாள். தாயைக் கைது செய்தார்கள். அந்த முட்டைகளுக்காகக் காத்திருந்த தம்பதிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவர்களும் எங்களைப் போல ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நிறம் என்ன, உயரம் என்ன என்று கேட்டிருப்பார்கள். வயதைக் கேட்டிருப்பார்களா?

அதன்பிறகு எங்கள் கேள்விகள் மாறின. அவள் வயதை எதைப் பார்த்து உறுதி செய்தீர்கள்? இது முதல் தடவைதானா? காப்பீட்டுத் தாளைக் காட்டுங்கள். அவள் வீட்டில் சர்க்கரை, மனநோய், ரத்தக் கோளாறு உண்டா? ஊசிக்குப் பிறகு அவளை யார் கவனிக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அங்கே இருந்த பெண் ஊழியர் எங்களைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்.

ஏழு முட்டைகள். ஐந்து கருவாயின, நின்று வளர்ந்தவை இரண்டு. முதலாவது தங்கவில்லை. இளம் பெண்ணின் முட்டை என்றால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, நிச்சயம் என்பது பொய். அன்றைக்கு என் மனைவி அழுதாள். ரொம்ப நேரம் கழித்து, “அந்தப் புள்ள அத்தன ஊசி போட்டதும் வீணாப் போச்சே” என்றாள். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. உறைய வைத்திருந்த இரண்டாவதை வைத்தார்கள். இப்போது ஐந்தாம் மாதம். இப்படிப்பட்ட கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது கூடுதல் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில், அற்பாயுளில் போன பெண்களுக்கு ஓலைப்பெட்டியில் புதுச் சீலை வைத்துக் கும்பிடுவது உண்டு. அந்த மாதிரி அவளுக்கும் வருஷம் ஒரு சீலை எடுத்து வைக்கலாமே என்றேன். எனக்கே அந்த யோசனை அழகாக இருந்தது. மனைவி சொன்னாள்: “அவ உசுரோட இருக்காங்க. சாமியாக்கிட்டா நமக்குக் கடன் இல்லேன்னு ஆயிருமா?” தானம் செய்வதும் தெய்வமாக்குவதும் ஒன்றுதான் என்று புரிந்தது. இரண்டிலும் அவள் போய்விடுகிறாள்.

அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. முதலாவது தங்காததோடு அந்தப் பேச்சு முடிந்தது, இது தானாக நின்றது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். குழந்தையிடமும் மறைத்துவிடலாம் என்று வேண்டியவர்கள் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி குழந்தை எங்களுடையது. அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் பெயர் எங்களுக்கும் தெரியாது. பிரிட்டனில் 2005 ஏப்ரலிலிருந்து பதிவான கொடையாளிகள் மூலம் பிறப்பவர்கள் பதினெட்டு வயதில் பெயரைக் கேட்டு வாங்கலாம். இங்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் எச்சிலைத் துடைத்து அனுப்பினால் வம்சம் சொல்கிற பரிசோதனைகள் வந்துவிட்டன. ரகசியம் எப்படியும் வெளியில் வரும். எங்கள் வாயிலிருந்து வருமா, ஒரு தாளிலிருந்து வருமா என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. பேச்சுப் புரிகிற வயதிலிருந்தே சொல்லுவது என்று தீர்மானித்திருக்கிறோம். அம்மாவுக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அப்பா, சீட்டு அறுந்து விழுந்த காயை விதைக்குச் சேர்க்கமாட்டார். மனுஷப் பிள்ளைக்கு அந்த நியாயம் செல்லாது. மனைவி ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறாள். வயது 26. ரத்தம் பி பாஸிட்டிவ். ஏழு கொடுத்தாள். அதற்கு மேலே, பெயருக்கு என்று ஒரு வரி. அதில் கோடு போட்டு அடித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.