23-க்கும் 24-க்கும் இடையில்

ஒருவர் உடற்பயிற்சிக்கு அடிமையாகிவிட்டாரா என்பதை அளக்க 2004-இல் டெரி, சபோ, கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் வகுத்த வினாநிரலில் ஆறே கூற்றுகள் உள்ளன. வாழ்வில் பயிற்சி பெறும் முதன்மை, அதனால் வீட்டாரோடு எழும் பூசல், மனநிலையை மாற்ற அதை நாடுதல், நாளடைவில் கூடும் அளவு, தவறிய நாளின் தவிப்பு, குறைக்க முயன்றும் பழைய நிலைக்கே திரும்புதல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 24-ஐ எட்டினால் அவர் இடர்நிலையில் உள்ளவராகக் கருதப்படுவார்.

இக்கருவி திருவனந்தபுரத்து வலியசாலைக்கு வருவதாகக் கொள்வோம். காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் வீட்டுமொழி தமிழ், வெளியே மலையாளம். வைகறை நடையும் கோயிலை வலம்வருதலும் ஏகாதசி விரதமும் அங்கே போற்றப்படுபவை. எடை கூடிவிடும் என்று அஞ்சும் கல்லூரி மாணவி ஒருத்தியை அவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். காய்ச்சலிலும் அவள் நடையை விடுவதில்லை. உணவைத் தவிர்த்தால் அதற்கு விரதம் என்று பெயரிடுகிறாள். வீட்டார் அவளைக் கடிந்துகொள்வதில்லை. அவளது கட்டுப்பாட்டை மெச்சுகின்றனர். ஐந்து கூற்றுகளுக்கு அவள் 5, 5, 4, 4, 4 எனக் குறிக்கிறாள். பூசல் பற்றிய கூற்றுக்கு மட்டும் 1. மொத்தம் 23. எல்லைக்கோட்டுக்குக் கீழே அவளை நிறுத்தியது உடல்நலமன்று, வீட்டாரின் பாராட்டு.

மறுபுறம், நெடுந்தொலை ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் 24-ஐ எளிதில் தாண்டக்கூடும். அவருக்கு எடையைப் பற்றிய அச்சமே இல்லாதிருக்கலாம். எதற்காகப் பயிற்சி செய்கிறீர்கள் என்று ஆறு கூற்றுகளில் ஒன்றும் வினவுவதில்லை. உணவுக் கோளாறின் அறிகுறி உடையோரிடம் இவ்வடிமைநிலை ஏனையோரைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் காணப்படுவதாக 2020-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. ஆதலின் அவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

தமிழ்ச் சூழலுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. 1998-இல் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 210 மருத்துவ மாணவர்கள் நேர்காணப்பட்டனர். மேனாட்டு நோய்ப்பெயர்களுக்குள் முற்றும் அடங்காத உணவுசார் துயரை அவர்கள் இனங்கண்டு, அதற்கென ஒரு வினாநிரலையும் ஆக்கினர். முதலில் கேட்டார்கள், அளவுகோல் பின்னர் வந்தது.

மொழிபெயர்த்ததை மீள மொழிபெயர்த்துச் சரிபார்த்தால் சொல் பொருந்தியதா என்பது தெரியும். அச்சொல் அந்த வீட்டில் எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. பூசல் எழாத வீடுகளில் கேட்கத்தக்க கேள்வி வேறு: நடக்காத நாளில் அச்சமின்றி உண்ண முடிகிறதா?